என் படிக்கட்டில் யாரும் விழவில்லை

பதுளை டவுனில் சாமான் கடை ஹாஜியாரின் மூன்று மாடி நான் கட்டியது. எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலுக்கு ரோட்டிலிருந்து ஏறும் முப்பத்திரண்டு படியும் நான் கட்டியது. மேல் படியின் ஓரத்தில் என் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள், போய்ப் பார்க்கலாம். மண் சரிந்து லயத்து வரிசை வீடுகள் போனபோது அந்தச் சனத்துக்குக் கிடைத்த புது வீடுகளில் ஏழுக்கு அத்திவாரம் போட்டது என் கை. வெலிமடையில் உருளைக்கிழங்கு முதலாளிமாருக்கு ஸ்டோர் கட்டினேன். எந்த மழைக்கும் ஒரு சொட்டு உள்ளே இறங்கியது கிடையாது. ஹாலிஎலயில், ரயில் பாதைக்கு மேலே, படித்த எஞ்சினியர் ஒருவர் வந்து பார்த்து "இந்தச் சரிவில் மாடி நிற்காது" என்று சொல்லிவிட்டுப் போன இடத்தில் என் சொந்த வீட்டை மாடியோடு கட்டினேன். அவர் சொல்லி இருபத்தாறு வருடமாகிறது. வீடு நிற்கிறது.

நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைக்கும். இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் பிளானை விரித்தால் எண்களைப் பார்த்தே சொல்லிவிடுவேன், எது சுவர், எது வாசல், வரைந்தவர் எங்கே பிசகியிருக்கிறார் என்று. பண்டாரவளையில் முதல் முதலாகச் சீமெந்து குழைக்கப் போனபோது என் சாப்பாட்டுப் பொட்டலத்தை மற்றவர்களோடு வைக்க விடவில்லை. "தோட்டத்தான்" என்றார்கள். அதே ஆட்கள் பத்து வருடத்தில் என்னிடம் வேலை கேட்டு வந்து "பாஸ், பாஸ்" என்று கூப்பிட்டார்கள். நானும் பழசைச் சொல்லிக் காட்டாமல் வேலை கொடுத்தேன். இல்லை, ஒருவனுக்கு மட்டும் சொல்லிக் காட்டினேன்.

படிக்கட்டு என்றால் இந்த மாகாணத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. படிக்கட்டில் ஆள் விழுவது சறுக்கலால் அல்ல, அளவுப் பிசகால்தான். ஏறுகிற கால், முதல் இரண்டு படியிலேயே உயரத்தைப் பழகிக்கொள்ளும். பிறகு கண் பார்க்காது, கால் தானாகவே போகும். நடுவில் ஒரு படி அரை அங்குலம் கூடிவிட்டால் போதும், ஆளைக் கவிழ்த்துவிடும். அதனால் ஒவ்வொரு படிக்கும் தனியாகத் தண்ணீர்க் குழாய் பிடித்து மட்டம் பார்ப்பேன். என் வீட்டுப் படிக்கட்டில் பதினாறு படி. ஒவ்வொன்றும் ஆறரை அங்குல உயரம், பதினொரு அங்குல அகலம். சிவப்புச் சீமெந்துப் பூச்சு, தேக்கில் கைப்பிடி. படிக்குக் கீழே வீணாகப் போகிற இடத்தில் கதவு வைத்து ஒரு சின்ன அறை. ஹாஜியார் ஒரு முறை மேலே ஏறி வந்து சொன்னார்: "பாஸ், ஒங்கட படியில ஏறினா முழங்கால் நோவு இருக்கிறதே மறந்து போகுது." மருந்துக் கடைக்காரருக்கு இதைச் சொல்லிவிடாதீர்கள் என்றேன். சிரித்தார்.

இவ்வளவையும் முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் படிக்கட்டிலிருந்து என் மருமகள் விழுந்து வலது கை மணிக்கட்டை முறித்துக்கொண்டாள் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருக்கிறது. அவள் விழவில்லை. என் மகன் முறுக்கினான். விழுந்தாள் என்று எழுதிய இடத்தில் சாட்சியாக நின்றவன் நான்.

இதை எங்கிருந்து சொல்வது என்று தெரியவில்லை. என் அப்பனிலிருந்து சொல்கிறேன்.

அப்பா ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. வெட்டி விழுகிற கிளைக்கு மிலாறு என்று பெயர். எங்கள் லயங்களில் அடுப்பெரிக்க அதுதான் விறகு. காய்ந்த மிலாறு விரல் தடிமனில், கணு கணுவாக, இரும்பு மாதிரி இருக்கும். வீட்டுக்குப் பின்னால் ஒரு கட்டு எப்போதும் சாத்தியிருக்கும்.

காலையில் பெரட்டுக் களத்தில், அதாவது ஆட்களை வேலைக்குப் பிரித்து விடுகிற இடத்தில், அப்பா தலையைக் குனிந்து நிற்பார். கணக்கப்பிள்ளை அவர் வயதுக்குப் பாதி. "என்னடா, நேத்து வெட்டுனதெல்லாம் பொம்பள வெட்டு மாதிரி இருக்கு" என்பார். சுற்றி நிற்கிற ஐம்பது பேரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன். அது எப்போது முடியும் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் லயத்து வாசலில் முடியும்.

அப்பாவின் வழக்கம் என்னவென்றால், அவர் எழுந்து போய்க் குச்சி எடுக்க மாட்டார். அடி வாங்கப் போகிறவர்தான் எடுத்து வர வேண்டும். "போய் எடுத்துட்டு வா" என்பார், அவ்வளவுதான். மெல்லியதாக எடுத்து வந்தால் திருப்பி அனுப்புவார். அம்மாவும் எடுத்து வருவாள். அம்மா கட்டுக்கு முன்னால் குனிந்து, காய்கறி பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து எடுப்பாள். அடித்து முடிந்ததும் அந்தக் குச்சியை அடுப்பில் வைத்துத் தேத்தண்ணி கொதிக்க வைப்பாள். அதை அப்பா குடிப்பார். ஒரு நாள் அம்மாவுக்கு முன்பல் இரண்டு போய்விட்டது. தோட்டத்து மருந்துக்காரர் கேட்டார். மலையில் கொழுந்து பறிக்கும்போது தண்ணீர் ஓடுகிற கானுக்குள் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அப்பா சொன்னார். மருந்துக்காரர் என்னைப் பார்த்தார். எனக்குப் பத்து வயது இருக்கும். நான் தலையாட்டினேன்.

அப்பாவை அரக்கன் என்று நினைத்துவிடக்கூடாது. அவருக்கும் ஒரு நியாயம் இருந்தது, அதை அடிக்கடி சொல்வார்: "எங்கப்பன் என்னைய தூண்ல கட்டிப்போட்டு கயித்தால அடிச்சாரு. நான் ஒங்கள கட்டிப் போட்டிருக்கேனா? ஒரு மிலாறு. அவ்ளோதான்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். நல்லவனாகிவிட்ட மனிதனின் பெருமை.

நான் கல்யாணம் கட்டியபோது ஒரு முடிவு எடுத்தேன். என் வீட்டில் குச்சி கிடையாது. மாதா மேல் ஆணையாகச் சொல்கிறேன், இன்று வரைக்கும் என் பெண்சாதி மேலோ பிள்ளை மேலோ நான் ஒரு குச்சியை ஓங்கியதில்லை. அந்தக் காலத்திலேயே சுற்றிவர எவரிடமும் இல்லாத காஸ் அடுப்பு வாங்கிப் போட்டேன், மிலாறுக் கட்டு வீட்டுக்குப் பக்கத்தில் வரவே கூடாது என்று. இதைப் பல இடங்களில் மார்தட்டிச் சொல்லியிருக்கிறேன். கோயிலில் கல்யாண ஆயத்த வகுப்புக்கு வந்த இளந்தாரிகளுக்குக்கூடச் சொன்னேன். சாமியார் என்னைப் பாராட்டினார்.

கையால் அடித்தேன். அதை வகுப்பில் சொல்லவில்லை.

கை என்றால் சீமெந்து அரித்து, செங்கல் பிடித்துக் காய்த்துப்போன மேசன் கை. அந்தக் கையின் எடை எனக்கே தெரியாது. என் பெண்சாதிக்கு இடது காது கேட்காது. காய்ச்சலில் போனது என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தோம். சொன்னவளே அவள்தான், நான் பக்கத்தில் இருந்தேன். அவள் செத்து ஆறு வருடமாகிறது. கடைசி வரைக்கும் பஸ்ஸில் என்னோடு போகும்போது என் இடது பக்கத்து ஸீட்டில்தான் உட்காருவாள், அப்போதுதான் அவளுடைய கேட்கிற காது என் பக்கம் இருக்கும். எதற்கு அப்படி உட்காருகிறாள் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. எனக்குத்தான் தெரியுமே.

மகனையும் அப்படித்தான். வேலைத்தளத்துக்குக் கூட்டிப் போனால், சாந்து தண்ணியாகிவிட்டால் பத்து ஆளுக்கு முன்னால் பிடரியில் ஒன்று. "பொட்டப் புள்ள மாதிரி அழாத" என்பேன். அவன் அழாமல் பழகினான். அழாததைப் பார்த்து எனக்குச் சந்தோசம். இவன் தேறிவிடுவான் என்று நினைத்தேன். பதினெட்டு வயதில் இந்தத் தொழிலே வேண்டாம் என்று லொறி ஓட்டப் போனான். இப்போது நாற்பது தாண்டிவிட்டது, வெலிமடையிலிருந்து மரக்கறி ஏற்றுகிறான். நல்ல டிரைவர். ஒரு முட்டைக்கோஸ்கூட நசுங்காமல் கொண்டு சேர்ப்பான் என்று முதலாளிமார் சொல்வார்கள்.

மாடியில் அவனும் மருமகளும் ஒன்பது வயதுப் பேத்தியும். கீழே நான் தனியாக. மேல்தட்டு நான் போட்ட கொன்கிரீட். அதற்கு மேலே யார் எங்கே நடக்கிறார்கள் என்பது எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். மற்றதும் தெரியும்.

போன வருடம் மழை நாட்களில் மருமகள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஸ்பிரிங்வெளிக்கு, தாய் இருக்கிற லயத்துக்குப் போய்விட்டாள். அவள் பக்கத்து முன்பள்ளியில் ரீச்சர் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள், இவனுக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு கிழமை வீட்டில் சத்தமில்லை. மகன் கீழே வந்து, டீவியைப் பார்த்தபடி சொன்னான்: "அப்பா, நீங்க போனா வருவா."

எனக்கு அது பெருமையாக இருந்தது. மறைக்கவில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்கு வந்த பெண்ணைத் திரும்பக் கூட்டிப் போக வேண்டுமானால் புருசன் வரக் கூடாது. புருசன் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வர வேண்டும். பேசி முடிந்ததும் அவளுடைய பேக்கை அந்தப் பெரியவர் தன் கையால் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும். லயத்துச் சனம் எல்லாம் வாசலில் நின்று பார்க்கும். பேக்கைத் தூக்கினவர்தான் பொறுப்பு. இனி அவள் மேல் ஒரு கை பட்டால் அது அவர் மேல் பட்ட கை. எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. தூக்கிய பேக்தான் பத்திரம்.

நான் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போனேன். சம்பந்தியம்மா பாய் விரித்தாள். நல்ல வாய்க்காரி.

"வாங்கண்ணே. படி கட்டுறவரு எங்க வீட்டுக்கு வந்திருக்கீங்க. எங்க லயத்துக்குத்தான் படியே இல்ல, தாவித்தான் வரணும்."

"அடுத்த தடவ வந்து ரெண்டு படி போட்டுத் தாறேன் தங்கச்சி."

"படிய அப்பறம் போடுங்க. மொதல்ல எம்புள்ளைக்கு ஒரு வழி சொல்லுங்க. அவ முதுகப் பாத்தீங்களா?"

"அவன் இனிமே கை வைக்க மாட்டான். நான் சொல்றேன்."

மருமகள் கதவோரத்தில் நின்றாள். மெதுவாகத்தான் கேட்டாள்: "மாமா, நீங்க கீழதான இருந்தீங்க. ஒங்களுக்குக் கேட்டுச்சா இல்லையா?"

"இனிமே நான் பொறுப்பு" என்றேன். இந்த மாகாணத்தில் என் வார்த்தைக்கு உள்ள மதிப்பு அப்படி. அவள் உள்ளே போய்த் துணியை எடுத்து வைத்தாள். ஆரஞ்சு நிறப் பேக். நான் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு லயத்து வாசல்களைக் கடந்து நடந்தேன். எழுபது வயதுக்கு மேல், அந்த ஏற்றத்தில், ஒரு இடத்திலும் இறக்கி வைக்கவில்லை. ஒரு கிழவி, "பாஸ் சொன்னா சொன்னதுதான்" என்றாள். இப்போதும் காதில் இருக்கிறது.

எட்டு மாதம். அதில் நான் என்ன செய்தேன் என்று கேட்டால், மகனை ஒரு தடவை கூப்பிட்டு, "எம்பேரக் கெடுத்துறாத" என்றேன். அவள் பெயரைப் பற்றிச் சொல்லவில்லை, என் பெயரைப் பற்றித்தான். மேலே சத்தம் வந்தால் டீவிச் சத்தத்தைக் கூட்டி வைப்பேன். ஒரு நாள் படிக்குக் கீழே உள்ள அறையில் பழைய ரசமட்டம் தேடும்போது ஒரு சின்னத் தலையணையும், பாதி தின்ற பிஸ்கட் பக்கெட்டும் இருந்தது. பேத்தியுடையது. மேலே சத்தம் வந்தால் பிள்ளை எங்கே வந்து இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். தலையணையை எடுக்காமல் கதவைச் சாத்தினேன். அந்த அறையைக் கட்டியபோது இரண்டு மூடை சீமெந்து வைக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

அன்றைக்கு ஒரு வெள்ளிக்கிழமை, பகல் இரண்டு மணி இருக்கும். மகன் லோட் இறக்கிவிட்டு வந்திருந்தான். மருமகள் முன்பள்ளியில் கூட்டம் என்று பிந்தி வந்து அப்போதுதான் உலை வைத்திருந்தாள். அவன் குரல் கேட்டது. அவள் குரல் கேட்டது. கூடக் கூடப் பேசினாள், பயந்த குரல் இல்லை. அது அவனுக்குப் பொறுக்கவில்லை போல. பிறகு ஒரு சத்தம். பாத்திரம் விழுந்த சத்தமில்லை. காய்ந்த குச்சி ஒடிந்த மாதிரி. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

நான் எழுந்து நின்றேன். படியடிக்குப் போனேன். கைப்பிடியில் கை வைத்தேன். ஏறவில்லை. ஏறி அவனைப் பிடித்து நிறுத்துகிற பலம் எனக்கு இல்லை என்று பிறகு எல்லாருக்கும் சொன்னேன். அதுவும் பொய்யில்லை, அவன் தோள் என் தோளைவிட இரண்டு மடங்கு. ஆனால் உள்ளதைச் சொன்னால், கால் வரவில்லை. சின்ன வயதில் லயத்து வாசலில் நின்ற அதே கால். இவ்வளவும் கட்டிய மனிதனுக்கு ஆறரை அங்குலம் தூக்க முடியவில்லை.

மேலே கதவு திறந்தது. மருமகள் வந்தாள். வலது கையை இடது கையால் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கைப்பிடியைத் தொடாமல், ஒவ்வொரு படியாக இறங்கினாள். பதினாறு படியும் நடந்துதான் இறங்கினாள். ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. என்னைத் தாண்டும்போது "ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மகன் பின்னாலேயே ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது. "நான் அடிக்கலப்பா" என்றான். "கையத்தான் முறுக்குனேன். ஒங்கள மாதிரி அறையல. அம்மாவ நீங்க அறஞ்ச மாதிரி நான் ஒரு நாள் அறஞ்சிருக்கேனா, சொல்லுங்க."

அவன் முகத்தில் அதே பெருமை. என் அப்பனுக்கு இருந்தது, எனக்கும் இருந்தது. நாங்கள் எல்லாரும் எங்கள் தகப்பனைவிட நல்லவர்கள்.

த்ரீவீலில் மூன்று பேரும் போனோம். பேத்தியைப் பக்கத்து வீட்டில் விட்டோம். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர், தமிழ்ப் பெண் பிள்ளை, எப்படி நடந்தது என்று கேட்டது. மகன் முந்திக்கொண்டு, "படியில விழுந்துட்டாங்க" என்றான். டாக்டர் மருமகளைப் பார்த்தாள், மருமகள் என்னைப் பார்த்தாள். பேக்கைத் தூக்கின என்னை. டாக்டரும் என் நரை முடியைப் பார்த்து, "அப்படியா தாத்தா? நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

நான் தலையாட்டினேன்.

டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னாள்: "பழைய வீடா? படிய செங்குத்தா கட்டியிருப்பாங்க. ஒரு கைப்பிடியாவது போடுங்க தாத்தா, சின்னப் புள்ள இருந்தா அதுவும் விழுந்துடும்."

எனக்கு எங்கிருந்து அப்படிக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. "கைப்பிடி இருக்கு மகள்" என்றேன். "தேக்குல போட்டது. ஒவ்வொரு படியும் ஆறரை அங்குலம். செங்குத்து இல்ல. அந்தப் படியில இருபத்தாறு வருசத்துல ஒருத்தரும் விழுந்தது கெடையாது." குரல் கூடிவிட்டது. அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு, "அப்ப இவங்க?" என்றாள்.

மகன் என் முழங்கையைப் பிடித்தான். "கால் தடுக்கிருச்சு" என்றேன். டாக்டர் இன்னொரு தடவை மருமகளைப் பார்த்தாள். மருமகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீட்டு எழுதப்பட்டது.

கட்டுப் போட்டுத் திரும்பி வந்த மறுநாள் காலை மகன் லோடுக்குப் போய்விட்டான். மருமகள் அதே ஆரஞ்சுப் பேக்கோடு இறங்கினாள், இடது தோளில் மாட்டிக்கொண்டு. பேத்தி தன் தலையணையைக் கையில் வைத்திருந்தது. நான் போய்ப் பேக்கைப் பிடித்தேன், பஸ் வரைக்கும் தூக்கித் தரலாம் என்று.

"விடுங்க மாமா."

"ஒத்தக் கையில எப்பிடிம்மா."

"விடுங்க. போன தடவ நீங்க தூக்குனது போதும்." பிறகு வாசலில் நின்று திரும்பிச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, ஏதோ கணக்குப் புரியாத மாதிரிச் சொன்னாள். "நேத்து ஒங்க படிய ஒரு வார்த்த சொன்னதுக்கு ஒங்களுக்கு அவ்வளவு கோவம் வந்துச்சு. எனக்காக அதுல கொஞ்சம் வரலையே மாமா."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்கள்.

நாலு நாள் கழித்துச் சம்பந்தியம்மா போன் எடுத்தாள். முதல் தடவையாக அவள் குரலில் கிண்டல் இல்லை. "அண்ணே, பொலிஸ்ல முறைப்பாடு குடுக்கப் போனோம். ஆஸ்பத்திரிச் சீட்டுல படியில விழுந்ததுன்னு இருக்காம். மாமனார் கண்ணால பாத்ததுன்னு இருக்காம். ஒங்க மகன் புள்ளையத் தன்கிட்ட தரச் சொல்லி ஆள் அனுப்புறான். நாங்க எதக் காட்டிப் பேசுறது?"

அன்றைக்கே பொலிஸுக்குப் போனேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். பெண்கள் முறைப்பாட்டைப் பார்க்கிற மேசையில் ஒரு தமிழ்ப் பெண் பொலிஸ், சின்னப் பிள்ளை. உட்காரக் கதிரை தந்து, தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டது. மருமகள் விழவில்லை, என் மகன் முறுக்கினான், நான் பொய்க்குத் தலையாட்டினேன் என்று சொன்னேன். ஒன்றும் விடாமல் எழுதியது.

"வேற ஏதும் இருக்கா ஐயா?"

இருக்கிறது என்றேன். நான் பேக்கைத் தூக்கியதைச் சொன்னேன். எட்டு மாதம் டீவியைக் கூட்டி வைத்ததைச் சொன்னேன். என் பெண்சாதியின் காதைச் சொன்னேன், மகன் பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தது என்று சொன்னேன். அப்பனின் மிலாறைச் சொல்லும்போது அந்தப் பிள்ளை பேனாவைக் கீழே வைத்திருந்தது.

"ஏன் மகள் எழுதல?"

"ஐயா, செத்தவங்க மேல முறைப்பாடு எடுக்க ஏலாது."

"அப்பன விடுங்க. என்னையப் பத்திச் சொன்னத எழுதுங்க."

"ஒங்க மேல யாரும் முறைப்பாடு குடுக்கலையே. ஒங்க மனைவியும் இல்ல. இது இந்தக் கேஸுக்குத் தேவையில்லைங்க. பெத்த மகனுக்கு எதிரா வந்து உண்மையச் சொல்லியிருக்கீங்க, அதுவே பெருசு. வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க." எழுந்து வாசல் வரைக்கும் கூட்டி வந்து விட்டது. நல்ல பிள்ளை.

மகனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இரண்டு நாள் உள்ளே இருந்து பிணையில் வந்தான். வழக்கு இருக்கிறது. பேத்தி தாயோடுதான். ஸ்பிரிங்வெளியிலிருந்தே மருமகள் வேறு முன்பள்ளிக்குப் போகிறாள் என்று கேள்வி. ஒரு நாள் போனேன். தேத்தண்ணி தந்தாள். கட்டு அவிழ்த்திருந்தது, தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால்தான் நீட்டினாள். படி போட்டுத் தருகிறேன் என்று சொன்னேன். "வேணாம் மாமா, தாவிப் பழகிட்டோம்" என்றாள்.

மகன் மேலே இருக்கிறான். என்னோடு பேசுவதில்லை. லோடு முடிந்து வந்தால் அந்தப் பதினாறு படியிலும் அவன் கால் சத்தம் ஏறும், பிறகு கட்டிலில் உட்காருகிற சத்தம், பிறகு ஒன்றுமில்லை. அடிபட்ட ஒருவன் அங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று சில நேரம் தோன்றும். அவன் பிடரி நினைவு வரும். போய் ஏதாவது சொல்லலாம் என்று படியடி வரைக்கும் போவேன். என்ன சொல்வது? அப்பனைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவனும் என்னைப் பற்றித் தெரிந்துவைத்திருக்கிறான். திரும்பி வந்து உட்காருவேன்.

என்னால் பொறுக்க முடியாதது வேறொன்று. போன ஞாயிறு பூசை முடிந்து சாமியார் என் கையைப் பிடித்து, "நீதிக்காகச் சொந்த ரத்தத்தையே எதிர்த்து நின்ன மனுசன்" என்று நாலு பேருக்கு முன்னால் சொன்னார். சனம் தலையசைத்தது. ஹாஜியாரும் கேள்விப்பட்டு, "பாஸ், நீங்கதான் ஆம்புள" என்று போனில் சொன்னார். எல்லாரும் என் மகனைத் திட்டுகிறார்கள். அவன் ஒருவன் மட்டும் எங்கிருந்தோ அப்படி முளைத்து வந்தவன் மாதிரி, நான் பாவப்பட்ட தகப்பன் மாதிரி.

அப்படி இல்லை. நான் செய்த வேலை எது, செய்யாத வேலை எது என்று எனக்குத் தெரியும். ஒரு கட்டடத்தில் நான் வைக்காத ஒரு கல்லுக்கும் நான் பெயர் கேட்டதில்லை. நான் வைத்த கல்லை இன்னொருத்தன் வைத்ததாகச் சொன்னால் விட்டதும் இல்லை. மாதா கோயில் படி முப்பத்திரண்டையும் கட்டினேன், கேட்காமலே கல்லில் என் பெயரை வெட்டினீர்கள். அந்தக் கை முறிந்ததும் என் வேலைதான். அத்திவாரம் என் அப்பன் போட்டது, அவருக்கு அவருடைய அப்பன். சுவர் எழுப்பியது நான். பேக்கைத் தூக்கியது நான், தலையாட்டியது நான். என் மகன் மேல்தட்டு மட்டும்தான் போட்டான்.

வழக்கு கூப்பிடும்போது நான் போவேன். கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வேன். அங்கேயும் எழுத மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். அதனால் இங்கே எனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதி வைக்கிறேன். என் பெயரை வெட்டியவர்களே, என்னைப் பாஸ் என்று கூப்பிட்டவர்களே, இதிலும் என் பெயரைப் போடுங்கள். மகனுடைய பெயருக்குக் கீழே வேண்டாம். மேலே போடுங்கள்.